பக்கத்து நாட்டுப் பத்திரம்

"நாற்பது கோடி பின்தங்கிட்டோம்னு வந்து நிக்கிறியே, உனக்கே நல்லாயிருக்காம்மா?"

நிதி அமைச்சகத்தின் கடன் பிரிவு இயக்குநர் மேசையைத் தட்டிய தட்டில் பேனா தரைக்கு உருண்டது. எதிரே, கையில் அட்டவணையோடு புள்ளிவிவர அதிகாரி நின்றாள்.

"நான் என்ன சார் செய்யட்டும்? மூணு மாசக் கடன் பத்திரம். வெளிநாட்டுக்காரங்க கையில நம்மளோடது முந்நூறு கோடி, பக்கத்து நாட்டோடது முந்நூத்தி நாற்பது. எப்படிக் கூட்டினாலும் அதான் வருது."

"அங்க ஒழுங்கா ஒரு பஸ் ஓடாது. அவனை நம்பி அள்ளிக் குடுக்கறாங்க. நம்ம மூஞ்சியில மட்டும் என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

அவர் கவலை அவருக்கு. வரும் வெள்ளிக்கிழமை பணி ஓய்வு. பக்கத்து நாட்டை முந்திக் காட்டினால் இரண்டு வருடம் பதவி நீட்டிப்பு என்று அமைச்சர் சொல்லியிருந்தார்.

செல்போன் அலறியது. மனைவி.

"நீட்டிப்பு என்னாச்சுங்க?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"நல்லாப் பாருங்க. நீங்க நாள் முழுக்க வீட்டுல இருக்கறதா இருந்தா, நான் வேலைக்குப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அதை வைப்பதற்குள் மேசைத் தொலைபேசி. அமைச்சர். இயக்குநர் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"ஏன்யா, அந்த ஓட்டாண்டிங்களுக்கு நம்மளவிடக் கூடக் கடன் குடுத்த மடையன் எவன்?"

"அதாங்க ஐயா எனக்கும் விளங்கல."

"பேரைக் கண்டுபிடி. எந்த நாட்டு அதிகாரியா இருந்தாலும் அவன் மேலிடத்துல பேசி, வேலையை விட்டுத் தூக்க வெக்கறேன். பேர் வந்தா உனக்கு நீட்டிப்பு."

"அப்படிப்பட்டவனை ஒரு நாள்கூட வெச்சிருக்கக் கூடாதுங்க ஐயா! நானா இருந்தா பென்ஷனையும் சேர்த்து நிறுத்துவேன்."

"நல்ல யோசனை. குறிச்சுக்கிட்டேன்."

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியாம்மா? அந்த நாட்டு அமைச்சகத்துல உனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்காளே, அவகிட்ட பேசு. வாங்கினது யாருன்னு கேளு."

அவள் ஜன்னலோரம் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"முக்கால்வாசி வாங்கினது ஒரே ஆள்தானாம் சார்."

"சொல்லு, சொல்லு!"

"நாமதான் சார்."

"என்னது?"

"நம்ம அரசாங்கக் கையிருப்பை வெளிநாட்டுப் பத்திரத்துல போடச் சொல்லி, திங்கட்கிழமை தோறும் பக்கத்து அறையிலேருந்து கோப்பு வருமே? நீங்க டீயைக் கீழ வெக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளுவீங்களே? எல்லாத்துலயும் உங்க பேர்தான் இருக்காம்."

இயக்குநர் நாற்காலி எங்கே என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"சரி விடு. நம்மளை நம்பி நம்ம பத்திரத்தை வாங்கறானே, அந்தப் புண்ணியவான் யாரு? அவன் காலைப் பிடிச்சாவது இன்னும் ஒரு ஐம்பது கோடி வாங்க வெச்சுட்டா, நாம முந்திடலாம்ல?"

"அது பக்கத்து நாட்டு கடன் பிரிவு இயக்குநர் சார். நேத்துதான் அவங்க அமைச்சர், அவரு பேரைக் கண்டுபிடிச்சு, வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினாராம்."