தலையில் ஒட்டிய பஞ்சு

"ஏனுங்க, பஞ்சு எடுத்துக்கிட்டீங்களா?"

வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் ஐயாசாமியின் காதில் விழாதபடி பொற்கொடி குசுகுசுத்தாள். தனபால் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சில் ஒரு கிள்ளு. மாலையில் தெருமுனையில் அதைப் பிய்த்துத் தலையில் ஒட்டிக்கொண்டால் போதும். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு முடிந்து வருபவன்தான். ஐயாசாமி மகனைக் கூப்பிட்டுத் தலையைத் தட்டிவிடுவார். உதிரும் பஞ்சைத் தெருவே பார்க்கும்.

தனபால் மில் வேலையை விட்டு நான்கு மாதமாகிறது என்பது வீட்டில் பொற்கொடிக்கு மட்டும்தான் தெரியும்.

மில்கள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதுவதை நிறுத்திக்கொண்டிருந்த காலம். நம் மில்லும் நிறுத்துவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று, கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டப் பழகிக்கொண்டிருந்தான். கற்று முடித்ததும் வெள்ளகோவிலில் சொந்தக் கடை. கிணற்று மோட்டார் கருகினால் கட்டித்தர அங்கே ஆள் போதவில்லை என்று விசாரித்தும் வைத்திருந்தான்.

அதுவரை அப்பாவுக்குத் தெரியக்கூடாது. ஐயாசாமி அதே மில்லில் முப்பது வருஷம் மேஸ்திரி. யாருக்கும் வளையாத கழுத்து, மகனுக்கு வேலை கேட்டு மேனேஜரிடம் ஒரே ஒரு தடவை வளைந்தது. "மில்லை உட்டுப்போட்டு வந்தா எம்பட ஊட்டுப் படியேறக் கூடாது" என்று அன்றே சொல்லியிருந்தார். போதாததற்கு மகள் அன்புச்செல்வியின் கல்யாணம் வேறு. அண்ணன்காரன் மில்லில் பர்மனெண்ட் என்பதை நம்பித்தான் பங்காரு தன் மகனுக்குப் பெண் எடுக்கச் சம்மதித்திருந்தார்.

"என்னம்மணி, காலங்காத்தால குசுகுசுன்னு?"

"உங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேட்டனுங்க மாமா."

"எனக்கு வேணுமான்னு அவங்கிட்ட எதுக்குக் கேக்கறே?" என்று கழுத்தைத் தடவிக்கொண்டார். "தைலம் எடுத்துட்டு வா. மறுபடி புடிச்சுக்கிச்சு."

ஒரு மாதமாகவே அவருக்கு இந்தக் கழுத்து வலி.

அன்று மாலை பங்காரு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சம்மந்தி, சுத்தி வளைக்கலீங்க. உங்க பையன் மில்லை உட்டுப்போட்டானாமே? ஊருக்குள்ள பேசிக்கறாங்க. அது நெசமுன்னா நாங்க ரோசனை பண்ணோணுமுங்க."

உள்ளே பொற்கொடி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வந்தாள்.

"பேச்சுக்கு என்னங்க, வரியா போடறாங்க?" என்றார் ஐயாசாமி. "இப்ப வருவான். நீங்களே பாத்துக்குங்க."

சைக்கிள் மணி கேட்டது. பொற்கொடி எட்டிப் பார்த்தாள். தனபாலின் தலை கன்னங்கரேலென்று பளபளத்தது. மருந்துக்குக்கூடப் பஞ்சு இல்லை.

"டேய், இங்க வாடா."

மகனின் தலையைக் குனிய வைத்து உள்ளங்கையால் பரபரவென்று தட்டினார் ஐயாசாமி. வெள்ளையாக இரண்டு துணுக்குகள் பங்காருவின் வேட்டி மேல் விழுந்தன.

"பாருங்க சம்மந்தி. தலையத் தட்டிப்போட்டு வாடான்னா கேட்டாத்தானே!"

பங்காரு வேட்டியை உதறிக்கொண்டு சிரித்தார். "உடுங்க, ஒழைக்கற புள்ள." இப்போது உட்கார்ந்தார். காப்பியும் குடித்துவிட்டுத்தான் போனார்.

"உசுரே போச்சுங்க!" சமையலறைக்குள் புருஷனை இழுத்தாள் பொற்கொடி. "பின்னந்தலையில ஒட்டியிருந்தீங்களா?"

தனபால் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். காலையில் கொடுத்த பஞ்சு, கொடுத்தபடியே இருந்தது.

"மறந்துபோட்டேன் புள்ள. இன்னைக்குன்னு இல்ல, ஒரு மாசமா முக்காவாசி நாள் மறந்துதான் போறேன். ஆனா அப்பா தட்டுனா மட்டும் எங்கிருந்தோ பஞ்சு உழுகுது!"

"அதெப்படீங்க?"

"அதான் எனக்கும் வெளங்கல."

யோசித்துக்கொண்டே மாமனாரின் படுக்கையை விரிக்கப் போனாள். தலையணை கனமே இல்லாமல் அப்பளம் மாதிரி கையோடு வந்தது. அதன் ஓரத்தில் நாலு விரல் நுழையும் அளவுக்குத் தையல் பிரிந்திருந்தது.

பின்னால் செருமல் கேட்டது. கழுத்தைப் பிடித்தபடி, விறைப்புக் குறையாமல் நின்றிருந்தார் ஐயாசாமி.

"அம்மணி, வெள்ளகோவில்ல கடை எப்பத் தெறக்கறான்னு கேட்டுச் சொல்லு. தலகாணியில இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் பஞ்சு இருக்குது."