முதலில் எடை

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

அண்ணி ஏறினாள். எடை எந்திரத்தின் முள் விறுவிறுவென்று ஓடிப்போய் நின்றது.

வந்தது இரண்டு பெண்கள். பெருத்த உடம்புக்காரி அண்ணி. கூட இருந்தவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் அவள் குச்சி. காலையிலிருந்து தாடையில் வலி, முதுகில் ஏதோ அழுத்துகிறது, கொட்டுகிற வியர்வை, மாரடைப்பாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என அண்ணி மூச்சிரைக்கச் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் எந்திரத்தைக் காட்டிவிட்டாள்.

அண்ணிக்கு இது புதிதா என்ன? பல்வலிக்குப் போனாலும் எடை. கண்ணாடி மாற்றப் போனாலும் எடை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடியபோதுகூட, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு இவளைத்தான் ஏற்றினார்கள். எந்திரத்தைக் கண்டால் கால் தானாகவே ஏறிவிடும், பாவம்.

நர்ஸ் உயரத்தையும் அளந்து கணக்குப் போட்டாள். பி.எம்.ஐ. முப்பத்து நான்கு. இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். கூட வந்தவள் உடம்பை எவ்வளவு கட்டாக வைத்திருக்கிறாள், பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா என்று ஒரு குட்டும் வைத்தாள்.

குச்சி சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து லேசாகச் சிரித்தாள்.

உள்ளே அண்ணியைப் படுக்க வைத்து, மார்பிலும் கைகால்களிலும் ஒயர்களை ஒட்டினார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசினால் கோடு ஆடும், அசையாமல் படுங்கள் என்று ஓர் அதட்டல். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யார்? வாயை மூடிக்கொண்டாள்.

ஈசிஜி தாள் நீளமாக வெளியே வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தத்தையும் பார்த்தார்.

"உங்க இதயம் அருமையா இருக்கும்மா."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. வயசுக்கு வந்த நாளிலிருந்து குறை, குறை என்று கேட்டே காது புளித்தவள். அவள் உடம்பில் ஒன்று நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

ஒயர்களைக் கழற்றிவிட்டார்கள். உடனே எழுந்திருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை. நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்று படுத்தபடியே இன்னொரு தரம் கேட்டாள். தங்கமாக இருக்கிறது என்றார் டாக்டர். அந்த வார்த்தையையும் ஆசை தீரக் கேட்டுக்கொண்டாள்.

பிறகுதான் எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்படியே என் நாத்தனாரையும் பாத்துடுங்க டாக்டர். வலி அவளுக்குத்தான். ரெண்டு பேருக்கும் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

நர்ஸ் தாளைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். வெளியே ஓடினாள். டாக்டரும் பின்னாலேயே ஓடினார்.

குச்சி சுவரில் தலை சாய்த்துக் கண்மூடியிருந்தாள். பக்கத்து நாற்காலிப் பெண் மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தாள்.

ஓடி வந்தவர்களைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள் அந்தப் பெண்.

"அண்ணிக்கு என்ன ஆச்சோன்னு பயந்துட்டாங்க போல, அப்படி வேர்த்துச்சு. இப்பதான் அசந்து தூங்குறாங்க."