அறை எண் ஒன்பது

தாவரவியல் துறையின் ஆசிரியர்களை இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் செய்யும் வேலை, கம்ப்யூட்டர் தெரிந்த பாவத்துக்கு, கௌரவ விரிவுரையாளர் இசக்கிச்செல்வியின் தலையில் விழுந்தது. படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று சிவப்பு நட்சத்திரம் வைத்தவளும் அவள்தான். பதினாறு பேரை ஏற்றிவிட்டுக் கடைசியாகத் தன் பெயரை அடித்தபோது, அறை எண் இல்லை என்று படிவம் அவளைத் திருப்பி அனுப்பியது. வளாகத்து வேம்புகளுக்குக்கூட வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருக்கும் துறை அது. பதினொரு வருடமாக அவள் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்துவது நூலகப் படிக்கட்டில். துறைத்தலைவர் டேனியல் எட்டிப் பார்த்தார். "ஏதாவது ஒரு நம்பரப் போட்டு விடுங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறா?" உடைந்த நாற்காலிகளை அடைத்துப் பூட்டியிருந்த ஒன்பதாம் அறைக்கு ஆள் யாரும் இல்லை. ஒன்பது என்று அடித்தாள். படிவம் உடனே ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை காலை அவள் மாடியேறி வந்தபோது, புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒன்பதாம் அறை வாசலில் நோட்டுகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். துருப்பிடித்த பூட்டைத் தொட்டுப் பார்த்த ஒருத்தி, "மேடம் இன்னும் வரல. வந்துதான் திறப்பாங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள். இசக்கிச்செல்வி வந்த படியிலேயே இறங்கினாள். துறைத்தலைவரின் அறைக்குள் போய், அவர் உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேசைக்கு மேலே கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க சார். பிள்ளைங்க நிக்கிறாங்க."