சுருக்கப்பட்ட நன்றி

ஹட்டனில், கடைகளுக்கு மேலே இருக்கும் வாரப் பத்திரிகை அலுவலகத்தில் மழை இரைகிறது. ஆசிரியர் மதுசூதனன் மப்ளரைச் சரிசெய்கிறார். எதிரே, அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி வந்த இராசம்மா நனைந்த குடையோடு நிற்கிறாள். மேசையில் இந்த வாரப் பத்திரிகை விரிந்து கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் கூரை ஒழுகுகிறது, பிரதேச சபை உறுப்பினர் வந்து படமெடுத்துக்கொண்டு போனார், தகரம்தான் வரவில்லை என்று அவள் எழுதிய கடிதம், ‘உறுப்பினர் நேரில் வந்தார், நன்றி’ என்று அதில் சுருங்கியிருக்கிறது. பக்கத்திலேயே, பிறந்தநாள் வாழ்த்து விளம்பரத்தில், உறுப்பினர் அரைப் பக்கத்துக்குச் சிரிக்கிறார். “இடம் பத்தலம்மா. கருத்து கெடாம சுருக்குறது ஒரு கலை,” என்கிறார் ஆசிரியர். “சரிங்க சார்.” அவள் சண்டைக்கு வராதது அவருக்கு என்னவோ போலிருக்கிறது. “ஆனா லயத்துல ஒருத்தரும் எங்கூட பேச மாட்டேங்கிறாங்க. தகரத்த வாங்கிக்கிட்டுத்தான் நன்றி எழுதிட்டேனாம். நேத்து கட்டிலுக்கு அடியிலகூட தேடிப் பாத்துட்டாங்க.” கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த உதவியாளர் ஷிராணியின் விரல்கள் நிற்கின்றன. “மெம்பர் உங்களுக்குத் தெரிஞ்சவருதானே சார்? ரெண்டு தகரம் வாங்கிக் குடுங்க. நீங்க போட்டதும் பொய்யாகாம இருக்குமில்ல?” என்கிறாள் இராசம்மா. ஆசிரியர் கூரையைப் பார்க்கிறார். அது ஒழுகவில்லை. உறுப்பினரின் சிரிப்பு மறையும்படி பத்திரிகையை மடிக்கிறார். முதல் பக்கத்தில், ‘அஞ்சாத குரல்’ என்ற எழுத்துக்குக் கீழே, படத்தில் கைகட்டி நிற்பது ஆசிரியரே. அவசரமாகக் கவிழ்த்து வைக்கிறார். பின்பக்கம் முழுக்க, வண்ண விளம்பரத்தில், உறுப்பினர் அவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்.