மாப்பிள்ளை உருட்டும் பகடை

“நாளைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஞாயித்துக்கெழமையானா பகடை உருட்டுறானாம். இன்னைக்கு வந்து சொல்றாக. சூதாடிக்கு எப்படித்தா பொண்ணக் குடுக்குறது?” எரியோடு சந்தையின் ஆட்டுத் தரகர் கண்ணுசாமி மகளிடம் பொருமினார்.

“சூது இல்லப்பா. அது ஒரு வெளையாட்டு. கூட்டமா உக்காந்து, ஆளுக்கொரு வேசம் எடுத்துக் கதை பேசுவாங்க. நெனச்சது நடக்குதான்னு பகடை சொல்லும். அதைப் பதிவு பண்ணி நெட்டுலயும் போடுறாங்க. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.” மகள் தமிழ்நிலா செல்போனை எடுத்தாள்.

முதலில் அவள் போட்டுக் காட்டியது ஓர் இங்கிலீஷ் கூட்டத்தின் ஆட்டம்.

“நாலு மணி நேரமா? அதுக்குள்ள சந்தையே கலைஞ்சிரும்த்தா!”

“அப்ப இதக் கேளுங்க. புதுசாக் கேக்குறவங்களுக்கு இதுதான் சரி. தமிழ்ல பேசுறது, மாப்பிள்ளை இருக்குற கூட்டம்.”

அதில் கட்டைக்குரல் வியாபாரி ஒருவன், சிறைப்பட்ட நண்பர்களை மீட்க அரக்கனிடம் பேரம் பேசினான். சந்தைத் தரகர் மாதிரியே, “கைமேல துண்டப் போட்டாச்சு, உள்ள விரலப் பிடிச்சு வெலயச் சொல்லு” என்றான். படியவில்லை என்றதும் இரண்டு தரம் கிளம்பிப் போனான். அரக்கனே பின்னால் ஓடிவந்து, ஒரு நொண்டி ஆட்டை வாங்கிக்கொண்டு அத்தனை பேரையும் விட்டுவிட்டான்.

கண்ணுசாமி தொடையைத் தட்டினார். “தொழில்காரன்! இவந்தானே மாப்பிள்ளை?”

“அவரு அந்த அரக்கன்ப்பா.”

“அப்ப வியாபாரி?”

தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டு, அதே கட்டைக்குரலில் சொன்னாள்: “நாந்தாம்ப்பா. ரெண்டு வருசமா.”

கண்ணுசாமி மெல்லக் கேட்டார்:

“அவன் ஒனக்காக விட்டுக்குடுத்தானா, நெசமாவே ஏமாந்தானா?”

“நெசமாவே ஏமாந்தாருப்பா.”

“அப்பச் சரி. தட்ட மாத்திருவோம்.”