சும்மா உட்கார்ந்திருந்தார்

"பொட்டாசியத்தை இன்னும் ஒரு கால் ஏத்திப் பாருங்களேன்மா" என்றார் ஃபயர் சார், கட்டிலில் படுத்தபடி.

"இது என்ன சார், ரேடியோ வால்யூமா?" என்று சிரித்தாள் டெக்னீஷியன். மெஷின் திரையில் இன்னும் இருபது நிமிட டயாலிசிஸ் பாக்கி இருந்தது.

தீயணைப்புத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அவர் ஃபயர் சார். எரிகிற கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பீரோவை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஆளை பீரோவோடு சேர்த்தே கீழே இறக்கியவர். அப்பேர்ப்பட்ட மனுஷனின் இதயம்தான் மூன்று வாரமாகத் தறிகெட்டு ஆடிக்கொண்டிருந்தது.

டயாலிசிஸ் நாட்களில் அவர் நெஞ்சில் ஒரு சின்னப் பதிவுப் பெட்டியை ஒட்டி அனுப்பினார்கள். மெஷினில் இருக்கும்வரை இதயம் சாதுவாகத் துடித்தது. மெஷினைக் கழற்றி, வீட்டுக்கு அனுப்பி, மணி பன்னிரண்டு பத்து ஆனதும் பெட்டியில் பதியும் துடிப்புக் கோடு கோழி கிளறிய மண்ணைப் போல ஆகிவிடும். பன்னிரண்டே முக்காலுக்கு, சொல்லி வைத்தாற்போல அதுவாகவே அடங்கிவிடும்.

டாக்டர் திரவத்தின் மேல் சந்தேகப்பட்டார். மெஷினில் ஓடும் திரவத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தால், ரத்தத்தில் இருப்பதையும் அது மளமளவென்று இழுத்துக்கொள்ளும். இதயம் தாளம் தப்பும். எனவே இரண்டாக இருந்த பொட்டாசியத்தை இரண்டரை ஆக்கினார். பிறகு மூன்று. கால்சியத்தைத் தொட்டுப் பார்த்தார். மெக்னீசியத்தையும் விடவில்லை. இதயம் எதற்கும் மசியவில்லை.

இன்று டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை.

"உங்க தங்கச்சி கிட்னி கொடுக்க ரெடியா இருக்காங்க. பதினெட்டாம் தேதி ஆபரேஷன். ஆனா இன்னைக்கும் கோடு இப்படி வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட முடியாது சார். தேதி தள்ளிப் போயிடும்."

ஃபயர் சாரின் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. கணவர் என்ன செய்தார் என்று மணி வாரியாக எழுதும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அந்த நோட்டைப் படிங்கம்மா. திங்கட்கிழமை பன்னெண்டு பத்துலேர்ந்து பன்னெண்டே முக்கால் வரைக்கும் என்ன பண்ணாரு?"

"சும்மா உட்கார்ந்திருந்தார்."

"அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை?"

"சும்மா உட்கார்ந்திருந்தார்." அவள் பக்கத்தைப் புரட்டினாள். "புதன்கிழமையும் அதேதான் டாக்டர். கையைக் காலை அசைக்கறதில்லை, கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார். நானா பேச்சுக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார்."

"பையன் வெளியூர் வேலைக்குப் போனதுலேர்ந்துதானே இப்படி? மனசுல அந்த ஏக்கம் ஏதாவது..."

"ஏக்கம் மணி பார்த்தா வரும் டாக்டர்?" என்றார் ஃபயர் சார்.

"சரி, பயம் ஏதாவது?"

"பயமா, எனக்கா?" என்று சிரிக்கப் போனவர், மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

"இவருக்காவது பயமாவது" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனாள் அவள்.

அவள் தலை மறைந்ததும் ஃபயர் சார் டெக்னீஷியனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த மெக்னீசியத்தைக் கொஞ்சம் தாராளமாப் போட்டா மனசுக்குத் தைரியம் வருமா?"

"அப்படியெல்லாம் வராது சார். ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, சும்மாதான்."

மெஷினைக் கழற்றினார்கள். டாக்டர் டெக்னீஷியனைத் தனியே அழைத்தார்.

"நீ அவங்ககூடவே வீடு வரைக்கும் போ. அந்த முப்பத்தஞ்சு நிமிஷமும் உன் கண்ணு அவர்மேலேயே இருக்கணும். மோசமா இருந்தா உடனே திருப்பிக் கூட்டிட்டு வந்துடு. ஆபரேஷனை மறந்துடலாம்."

பன்னிரண்டு ஐந்துக்கு மூவரும் வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். டெக்னீஷியன் அவர்கள் காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டு, நெஞ்சுப் பெட்டியின் ஒயரைத் தன் கையிலிருந்த சின்னத் திரையில் செருகினாள். எழுபத்திரண்டு. கோடு அழகாக ஓடியது. அவளுக்கே வியப்பாக இருந்தது. இந்த இதயத்தையா சந்தேகப்பட்டோம்?

ஃபயர் சார் முன்னால் ஏறி, பெல்ட்டை மாட்டி, அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக் கண்ணை மூடி, நோட்டில் எழுதியிருந்ததுபோலவே சும்மா உட்கார்ந்தார்.

திரையில் எழுபத்திரண்டு, தொண்ணூறு ஆனது. தொண்ணூறு, நூற்றிப் பத்து ஆனது. கோடு ஒரு துடிப்பைத் தாண்டிக் குதித்தது.

"சார், என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?" என்று பதறி முன்னால் சாய்ந்தாள் டெக்னீஷியன்.

அதற்குள் மறுபக்கக் கதவு திறந்தது. அவர் மனைவி ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையன் விட்டுப்போன ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நடுவுல இருக்கறதுதானே பிரேக்கு?"

"ஆமாம்மா, ரொம்ப நல்லா ஓட்டறே" என்றார் ஃபயர் சார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

மறுநாள் அவருடைய கோப்பில், பதினெட்டாம் தேதி ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லி டாக்டர் போட்டிருந்த கையெழுத்துக்கு மேலே, டெக்னீஷியன் நடுங்கும் எழுத்தில் எழுதியிருந்தாள்: "பொட்டாசியம் பழையபடி இரண்டே போதும், அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைக்கும்வரை இருவரும் ஆட்டோவில் போகவும்."