காருக்கு ஓர் இயங்குதளம்

“நாப்பத்தொண்ணு” என்றார் அண்ணன், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாவியைத் திருப்பி நாற்பத்தொரு விநாடி கழித்துத்தான் திரையில் வரைபடம் வந்தது. அதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

பக்கத்து இருக்கையிலிருந்து குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுப் பெரிய இயங்குதளம் இருந்த மெமரி கார்டைப் பிடுங்கினேன். சின்னதைச் செருகினேன். உள்ளங்கை வியர்த்ததில் கார்டு இரண்டு முறை வழுக்கியது.

காரில் பொருத்தியிருந்த அந்தக் கணினி என் கைவேலை. நான் லேப்டாப் ரிப்பேர் செய்பவள். கடையில் விற்பதை வாங்க அண்ணனுக்கு மனசு வராது. வீட்டிலேயே ஒரு இன்ஜினியர் இருக்கும்போது எதற்குத் தண்டச் செலவு என்பார். யாரும் திரும்ப வாங்கிப் போகாத ஒரு லேப்டாப்பின் போர்டு, இன்னொன்றின் திரை, அவ்வளவுதான் என் முதலீடு.

அந்தக் கிழட்டுப் போர்டில் பாரமான எதுவும் ஏறாது. போதாக்குறைக்கு, வண்டி கிளம்பும்போது பேட்டரி ஒரு நொடி தொய்யும். கணினி அணைந்து, முதலிலிருந்து எழும். அதனால் இலகுவானவையாக ஐந்தாறு இயங்குதளங்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றிருந்தேன்.

பெரியது மெதுவாக விழிக்கும். ஆனால் போன வழி, நின்ற இடம், நின்ற நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும்.

சின்னது கார்டில் ஒரு எழுத்துகூட எழுதாது. சாவியை அணைத்தால் அத்தனையும் மறந்துவிடும்.

எனக்குச் சின்னதுதான் வேண்டும். அண்ணிக்காக.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்கும் அண்ணியின் அம்மாவுக்கும் வார்த்தை தடித்துவிட்டது. அந்த வாசற்படியை இனி நானும் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது என்று அண்ணன் குதித்தார். அண்ணி சரி என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் அண்ணன் ஆபீஸ் பஸ்ஸில் வேலைக்குப் போனதும் இதே காரில் அம்மாவைப் பார்த்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் வந்துவிடுகிறார். அந்தம்மா இடுப்பெலும்பு உடைந்து தனியாகக் கிடப்பவர். அந்தப் போக்குவரத்து நின்றால் அண்ணி உடைந்து போவார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

பதிவை மட்டும் நிறுத்தி வைக்கலாமே என்பீர்கள். எங்கள் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. கைக்கு எட்டிய எந்தப் பொத்தானையும் நோண்டாமல் விட்ட ஆள் இல்லை அவர்.

அண்ணன் மறுபடி சாவியைத் திருப்பினார். “ஏழே செகண்ட்!” என்றேன். என் குரலில் இருந்த உற்சாகம் எனக்கே பொய்யாகக் கேட்டது.

வாசலில், எது எழுதி வைக்கும் எது மறக்கும் என்று தெரிந்த அண்ணி, ஈரக்கையோடு நின்றிருந்தார். துடைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “வேகம் கிடக்கட்டும். ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான், போன இடமெல்லாம் இந்த மாதிரி கம்ப்யூட்டர்ல பதிவாகுமாமே?”

அண்ணி போய்வருவதை மோப்பம் பிடித்துவிட்டார். ஆகாது என்று சொன்னால் ஆகிறதைப் போடு என்பார்.

கூசாமல் புளுகினேன். “ஆகும்ணா. சின்னதுல ஒண்ணு விடாம ஆகும். பெரியதுதான் எல்லாத்தையும் மறந்துடும்.”

அண்ணன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்ப பெரியதையே போடு.”

சிக்னலில் ஐந்து விநாடி பொறுக்க மாட்டாத மனுஷன். நாற்பத்தொரு விநாடி என்று நினைவுபடுத்தினேன். பரவாயில்லை என்றார்.

கார்டு என் மடியில் கிடந்தது. போட்டால் வருகிற செவ்வாய்க்கிழமையே அண்ணி மாட்டிக்கொள்வார். போடாவிட்டால் ஏன் என்று அண்ணன் கேட்பார். சொந்த வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அண்ணன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கார்க் கண்ணாடியை ஏற்றினார். பிறகு என் காதருகே குனிந்தார்.

“சனிக்கிழமை வண்டி கழுவப் போறேன்னு சொல்லிட்டு, அத்தையை, உங்க அண்ணியோட அம்மாவைத்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன். அவளுக்குத் தெரிஞ்சுது, என் மானமே போச்சு.”

சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப் போகிறார் என்றுதான் அந்தம்மா மகளிடம் சொல்லியிருந்தார். மகள் வருவதைப் பற்றி மருமகனிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. அசாத்திய அழுத்தக்காரி.

அண்ணனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

“மாத்திச் சொல்லிட்டேன்ணா” என்றேன். “மறக்கிறது சின்னதுதான்.”

வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். இன்று திட்டவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“நிச்சயமா மறந்துடும்ல?”

எப்போது வந்தாரோ, அவருக்குப் பின்னால் கார் ஜன்னலுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தார். கண் மட்டும் என்னிடம் அதையே கேட்டது.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை தலையாட்டினேன்.